எச்சக் கணக்கு

ஒருவன் தக்கவனா இல்லையா என்று அவன் எச்சத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது வள்ளுவர் கருத்து. எச்சம் என்றால் பிள்ளைகள் என்று பரிமேலழகர் உரை எழுதினார். பின்னால் வந்தவர்கள் புகழ் என்றார்கள், பழி என்றார்கள். பட்டிமன்றக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் பணம் வாங்கிக்கொண்டார்கள். படாளத்தில் எங்கள் ஆயாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. எச்சம் என்றால் எச்சம்தான். பறவை விட்டுவிட்டுப் போவது.

"பட்சின்னா ரெண்டே சாதிடா" என்பாள். "எங்கியோ துன்னுட்டு நம்பகிட்ட வந்து கழியறது ஒண்ணு. நம்பகிட்ட துன்னுட்டு எங்கியோ போயி கழியறது ஒண்ணு. மொதலாவது சாமி. ரெண்டாவது திருடன்."

கல்லூரியில் மூன்று வருஷம் சரித்திரம் படித்தவன் நான். மார்க்ஸின் வர்க்கப் போராட்டத்தையும் டாயின்பீயின் நாகரிகக் கணக்கையும் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டிருக்கிறேன். கைநாட்டு வைக்கிற ஆயாவின் இந்த ஒற்றைக் கொள்கை அளவுக்கு எதுவும் எல்லா ஊருக்கும் பொருந்தி வரவில்லை. ராஜாக்கள், புரட்சிகள், கும்பினி துரைமார்கள் எல்லாரையும் இந்தத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

படாளம் தெரியாதவர்களுக்கு: செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, மதுராந்தகம் வருவதற்கு முன்னால், ஜி.எஸ்.டி. சாலையில் நீங்கள் தூங்கிக்கொண்டே கடந்துபோகிற ஊர். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது எங்கள் ஊரில்தான். பெயர் அவர்களுடையது, புகைபோக்கி எங்களுடையது. கூட்டு ரோட்டில் திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேடந்தாங்கல். கார்த்திகை பிறந்தால் சென்னைக் கார்கள் வரிசையாகத் திரும்பும். உள்ளே இருப்பவர்கள் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். சாலையோரக் கழனியில் நாங்கள் தகர டப்பாவோடு நிற்போம். அவர்கள் பறவையைப் பார்க்கக் காசு கொடுக்கிறவர்கள். அது போய்த் தொலைந்தால் காசு கொடுக்கிறோம் என்கிறவர்கள் நாங்கள்.

கரும்பு போட்டவனுக்கு இந்தக் கவலை இல்லை. கரும்பு கடிக்கப் புறாவுக்குப் பல் கிடையாது. நவரை நெல்லும், பயறும், கம்பும் போட்டவன் பாடுதான் திண்டாட்டம். விதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஒரு கூட்டம், கல்யாணப் பந்தியில் இலை போட்டவுடன் உட்காருகிற சொந்தக்காரர்கள் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி நடந்துவரும். அறுத்துக் களத்தில் கொட்டினால் அங்கே வரும். சர்வீஸ் ரோட்டில் நெல்லைக் காயவைத்தால் லாரிக்கும் பயப்படாமல் அங்கேயும் வரும்.

சரித்திரத்தை வள்ளியிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. வேலூர்ப் பக்கம் வள்ளிமலையில் நம்பிராசன் என்ற வேடர் தலைவர் தினை விதைத்திருந்தார். பரண் கட்டி மகளை ஏற்றி, கையில் கவண் கொடுத்து, கிளி ஓட்டச் சொன்னார். வேலை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் முருகன் வந்தார். முதலில் வேடனாக வந்தார், அப்பா வந்ததும் வேங்கை மரமாக நின்றார், பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டார், தாகம் என்றார், அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தினார். இத்தனையும் பட்டப்பகலில், காவல் நேரத்தில், பரணுக்குக் கீழே. கல்யாணம் முடிந்தது, தணிகையில் போய் உட்கார்ந்தார்கள், நமக்கும் சந்தோஷம். அந்த வருஷம் தினை எத்தனை மரக்கால் தேறியது என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. கிளிகளின் தரப்பில் புராணம் எழுதியிருந்தால் அது சஷ்டியைவிடப் பெரிய பண்டிகையாக இருந்திருக்கும்.

சங்க காலத்திலும் இதே கதைதான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியையும் தோழியையும் தினைப்புனம் காக்க அனுப்புகிறார்கள். கருவிகளுக்குக் குறைச்சல் இல்லை: கையால் சுற்றி ஓசை எழுப்பத் தழல், மூங்கிலைப் பிளந்து தட்டத் தட்டை, இன்னும் குளிர் என்று ஒன்று. இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் கிளி ஓட்டினார்கள். பிறகு அருவியில் குளித்தார்கள். பிறகு பூப்பறிக்கப் போனார்கள். எத்தனை பூ? தொண்ணூற்றொன்பது வகை. தமிழாசிரியர்கள் இன்றுவரை அந்தப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பித்துக் கைதட்டல் வாங்குகிறார்கள். தொண்ணூற்றொன்பது வகைப் பூவைத் தேடிப் பறித்து வர எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை புனத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு சம்சாரி கேட்டால் கைதட்டல் நின்றுவிடும். அகத்திணையில் பாதி, ஆள் இல்லாத பரணிலிருந்து வந்த இலக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது பறவைகள் வெளியே போய் நெற்கதிர் கொத்திக்கொண்டு வந்து உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு போட்டன என்று ஒரு கதை உண்டு. கிளி என்பார்கள், குருவி என்பார்கள். புலவர்கள் உருகியிருக்கிறார்கள். ஆயாவிடம் சொன்னேன். "பறம்புக்காரனுக்கு சாமி. கதிரு யாரு கழனிது?" என்றாள். அந்தக் கழனிக்காரரைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை.

சிபிச் சக்கரவர்த்தி விஷயத்துக்கு வருகிறேன். இதில் சோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பருந்துக்குப் பயந்து ஒரு புறா மடியில் வந்து விழுந்தது, புறாவின் எடைக்குத் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்தார், போதாமல் தானே தட்டில் ஏறி உட்கார்ந்தார். புறா அக்கினி, பருந்து இந்திரன், எல்லாம் சோதனை. சோழர்கள் இவர் வம்சம் என்று சொல்லிச் செம்பியன் பட்டம் போட்டுக்கொண்டார்கள். பாண்டியன் சபையில் கண்ணகி கொதித்துப்போய் நிற்கும்போதுகூட, எங்கள் ஊர் ராஜா புறாவின் துயர் தீர்த்தவர் என்றுதான் முகவரி சொல்கிறாள்.

நல்லது. ஆனால் உழவன் பக்கம் நின்று பாருங்கள். ஊரில் சம்பளம், பேட்டா, தீபாவளி போனஸ் எதுவும் கேட்காமல் புறா ஓட்டுகிற ஒரே ஆள் பருந்து. அதை அரசாங்கமே கூப்பிட்டு, வேலை செய்யாதே, உட்கார்ந்த இடத்தில் கறி தருகிறேன் என்றது. புறா பிழைத்தது. பிழைத்த புறா சும்மா இருக்குமா? ஈட்டுக்கு இரண்டு முட்டை, வருஷம் முழுக்க அடை. தொண்டைப்பையில் சுரக்கிற பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகிற பறவை என்பதால் அதற்குப் பஞ்ச காலமும் தடையில்லை. இன்றைக்குக் கடையில் பருந்து மாதிரி பட்டம் விற்கிறார்கள், வயலில் கம்பு நட்டுப் பறக்கவிட. சிபி மிச்சம் வைத்த கடனுக்கு நாம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மாவட்டமே பறவை உபசாரத்துக்குப் பெயர்போனது. திருக்கழுக்குன்றத்தில் இரண்டு கழுகுகள் தினமும் உச்சிவேளைக்கு மலைக்கு வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். 1990-களின் கடைசியில் நின்றுபோனது. காசியில் குளித்து, கழுக்குன்றத்தில் சாப்பிட்டு, ராமேஸ்வரம் போகிற முனிவர்கள் என்று ஒரு கதை. இங்கே தின்று எங்கேயோ கழிகிற சாதியாச்சே, திருடன் இல்லையா என்று ஆயாவை மடக்கினேன். "அது கோயில் பொங்கல்டா. உன் அப்பன் ஊட்டு நெல்லா?" என்று கேட்டாள்.

நான் பரண் ஏறிய காலத்துக்கு வருவோம். பத்து வயதில் எனக்குக் கம்பங்கொல்லை காவல். பள்ளிக்கூடம் விட்டதும் தகர டப்பா, குச்சி, உண்டிவில். மாமா பொம்மை கட்டினார். மூங்கில் குறுக்குச் சட்டம், வைக்கோல் வயிறு, கரிச்சட்டித் தலை, சுண்ணாம்புப் பொட்டு, மேலே தாத்தாவின் பழைய சட்டை. சட்டையில் தாத்தாவின் பொடி வாசனை போகவில்லை. முதல் நாள் புறாக்கள் தூரத்தில் நின்று பார்த்தன. இரண்டாம் நாள் வரப்புக்கு வந்தன. மூன்றாம் நாள் ஒன்று தாத்தாவின் தோளில் உட்கார்ந்து இறகு கோதியது. நாலாம் நாள் தாத்தா தலையில் கணக்கு எழுதிவிட்டுப் போனது.

மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஒரு பூனை ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள், ஒன்று கும்பிடவே செய்கிறது. போலிச் சாமியாரைக் கிண்டல் செய்த பல்லவச் சிற்பி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அது ஏழாம் நூற்றாண்டுச் சோளக்கொல்லை பொம்மை. அசையாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற எவனையும் மூன்றாம் நாள் கும்பிட்டுவிட்டு நாலாம் நாள் வேலையைப் பார்க்கலாம் என்பதை அந்த எலிகள் அப்போதே கண்டுபிடித்திருக்கின்றன.

புறாவைக் குறைத்து எடை போடக் கூடாது. ஜப்பானில் கேயோ பல்கலைக்கழகத்து வதனபே என்பவரும் அவர் கூட்டாளிகளும் புறாக்களுக்கு ஓவியம் காட்டிப் பழக்கினார்கள். கொஞ்ச நாளில் அவை மோனே வரைந்தது எது, பிக்காசோ வரைந்தது எது என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டன. முன்பின் பார்க்காத படங்களைக் காட்டியபோதும் சொல்லின. 1995-ல் அந்த ஆராய்ச்சிக்கு, சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கிற இக் நோபல் பரிசு கிடைத்தது. மோனேவுக்கும் பிக்காசோவுக்கும் வித்தியாசம் தெரிந்த ஜீவனுக்கு, தாத்தாவுக்கும் தாத்தா சட்டைக்கும் வித்தியாசம் தெரியாது என்று நம்பி என் மாமா மூன்று வருஷம் பொம்மை கட்டினார்.

பொம்மைக்குப் பிறகு கேசட் டேப் வந்தது. கேசட்டைப் பிரித்து, பழுப்பு நாடாவை வரப்புக்கு வரப்பு இழுத்துக் கட்டினால் காற்றில் விர்ரென்று அதிரும், வெயிலில் மின்னும். எங்கள் கழனியில் அப்படி ஓர் ஏக்கருக்கு இளையராஜா, அரை ஏக்கருக்கு எம்.எஸ்.வி. கட்டியிருந்தோம். ராஜாவுக்குப் பயந்து ஒரு வாரம் வரவில்லை. பிறகு ரசிக்கத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு சி.டி., அதன் பிறகு பழைய புடவை வேலி, தேர்தல் முடிந்த பிளெக்ஸ் பேனர். கைகூப்பிச் சிரிக்கிற வேட்பாளரைப் பார்த்துப் புறாக்கள் கொஞ்சமும் மிரளவில்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பது அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

தகரம் தட்டி நடக்காத காரியத்துக்குச் சில தேசங்களில் புரட்சி தேவைப்பட்டது. பழைய பிரான்சில் புறா வளர்ப்பது துரைமார் பாத்தியதை. பல மாகாணங்களில் தனிக் கோபுரமாகப் புறாமாடம் கட்ட ஜமீனுக்கு மட்டுமே உரிமை. ஆயிரக்கணக்கில் புறா. காலையில் கதவைத் திறந்துவிட்டால் குடியானவன் விதைத்த கோதுமையில் போய் மேயும். அடிக்கக் கூடாது, அது துரை வீட்டுப் புறா. சாயங்காலம் வயிறு நிறையக் கோபுரத்துக்குத் திரும்பும். அங்கே ராத்திரி முழுக்க விழுவதைக் கூட்டி அள்ளித் துரையின் தோட்டத்துக்கு எருவாகப் போடுவார்கள். மிச்சத்துக்கு நல்ல விலை. கறியும் துரைக்கு. குடியானவன் கோதுமை துரை வீட்டு எருவாக மாறுகிற இந்த இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம்கூட மரத்தால் செய்தது இல்லை, எல்லாம் இறகு.

ஆயாவின் இரண்டாம் சாதிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. 1789 ஜூலையில் பாஸ்டில் சிறையை உடைத்தார்கள் என்று நாம் படிக்கிறோம். கிராமத்தில் ஜமீன் பத்திரங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பயந்துபோன சபை ஆகஸ்ட் 4 ராத்திரி கூடி, பிரபுத்துவச் சலுகைகளை ஒவ்வொன்றாக ரத்து செய்தது. அந்த ஆணையில் முதல் பிரிவு நிலப்பிரபுத்துவம் ஒழிப்பு. இரண்டாம் பிரிவு? புறா. புறாமாடத் தனியுரிமை ரத்து; கிராமத்தார் குறிக்கிற காலத்தில் புறாக்களை அடைத்துவைக்க வேண்டும்; மீறி வெளியே வந்தால் அவை வேட்டைப் பொருள், அவனவன் நிலத்தில் அவனவன் சுடலாம். மாதா கோயிலுக்குக் கட்டுகிற தசமபாகம் ஐந்தாம் பிரிவில்தான் வருகிறது. நீதிபதிப் பதவியைக் காசுக்கு விற்பது ஏழாவது. மனிதனின் உரிமைகளைப் பற்றிய பிரகடனம் வெளியானது ஆகஸ்ட் 26. முதலில் புறாவுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் மனிதனிடம் வந்தார்கள்.

இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே. புறா எச்சம் ஊறிய மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கலாம். வெடியுப்பு இல்லாமல் வெடிமருந்து இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ராஜாவின் வெடியுப்பு ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் புறாக்கூடுகளின் தரையைத் தோண்டினார்கள், கேட்காமலே. குடியானவன் தானியம் புறாவாகி, எச்சமாகி, மருந்தாகித் துப்பாக்கிக்குள் போனது. அந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாரசீகத்தில் இஸ்பகான் பக்கம் இதே காரியத்தைக் கலையழகோடு செய்தார்கள்: எரு சேர்ப்பதற்கென்றே வட்டக் கோபுரங்கள், உள்ளே ஆயிரக்கணக்கில் மாடங்கள். முலாம்பழம் அவ்வளவு இனிப்பாக விளைந்ததாம். புறா எந்தக் கழனியில் மேய்ந்தது என்று பழம் தின்றவர்கள் கேட்கவில்லை.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். பிரான்சில் குடியானவன் பறவையைச் சுட உரிமை கேட்டு ஒன்பது வருஷம் கழித்து, படாளத்துக்குப் பக்கத்தில் குடியானவர்கள் ஒரு துரையைப் பார்க்கப் போனார்கள். பறவையைச் சுடவிடாதே என்று கேட்க.

ஊர் பெயரே வேடன் தாங்கல். ஏரிக்கு வேடன் பெயரை வைத்துவிட்டு வேட்டையை நிறுத்தச் சொல்கிற துணிச்சல் எங்கள் மாவட்டத்துக்குத்தான் வரும். அப்போது இந்தப் பகுதிக்குக் கும்பினி ஜாகீர் என்று பெயர். ஆற்காட்டு நவாப் 1763-ல் கும்பினிக்குக் கொடுத்தது. 1780-ல் ஹைதர் அலி வந்து சூறையாடிவிட்டுப் போன பிறகு ஏரிகள் உடைந்து, குடிகள் ஓடி, வரி வசூல் வற்றிக் கிடந்தது. 1794-ல் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இருந்தால் தாயாருக்குச் சன்னதி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, மழை இரவில் கரைக்குப் போய், வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்து விழுந்து கும்பிட்டார் என்கிறார்களே, ஏரி காத்த ராமர் கதை, அந்தப் பிளேஸ் துரையேதான். ராமர் வந்தாரா என்று நான் ஆராயப் போவதில்லை. இந்த ஜில்லாவில் ராத்திரி காவலுக்குக் கடவுளே வர வேண்டியிருந்தது என்பது மட்டும் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சோல்ஜர்கள் வேடந்தாங்கலுக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள், ஊரார் கொதித்துப்போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்பது கதை. 1798-ல் பிளேஸ் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார்: இந்த ஏரியில் பறவைகளைக் காப்பாற்றும் உரிமை ஊராருக்கு உண்டு. 1858-ல் இன்னொரு கலெக்டர் அதை உறுதிசெய்தார். 1936-ல் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. முப்பது ஹெக்டேர் ஏரிக்கு இத்தனை காகிதம். தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை.

இதைச் சொல்லி ஜீவகாருண்யம் என்று மேடையில் உருகுவார்கள். இருக்கட்டும், கொஞ்சம் காருண்யமும் இருந்திருக்கும். ஆனால் ஏரியைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன். ஒன்றும் நெல் தின்கிற ஜாதி இல்லை. மதுராந்தகம் ஏரியில் மீன் பிடிக்கும், பாலாற்றுப் படுகையில் தவளை பிடிக்கும், எங்கள் கழனியில் நத்தை பொறுக்கும். எல்லாம் முடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வேடந்தாங்கல் கடப்ப மரத்தில் போய் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஏரிக்குள் கழியும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக அவர்கள் வயலுக்கு. உரக்கடைக்குப் போகாமலே தழைச்சத்தும் மணிச்சத்தும் வந்து இறங்கும். பிரெஞ்சுத் துரையின் புறாக்கோபுரத்தை வேடந்தாங்கல்காரர்கள் செங்கல் இல்லாமல், சண்டை இல்லாமல், ஊர்ப்பொதுவில் கட்டிவிட்டார்கள். முதலாம் சாதி, அக்மார்க் சாமி.

பிளேஸ் துரைக்கும் கணக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் ஊகம். எரு நிறைந்த தண்ணீர், நல்ல விளைச்சல். விளைச்சல் கூடினால் மேல்வாரம் கூடும். மேல்வாரம் போவது கும்பினிக்கு. கடைசியில் நாரை கழிந்தது லண்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆயாவுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் சாகும்வரை உண்டு. "நத்த நம்ப கழனிது. கழியறது மட்டும் வேடந்தாங்கல்லயா?" நத்தையை நாம் விற்கவா போகிறோம், நாற்றைத் தின்கிற பூச்சியும் நத்தையும் தொலைந்தால் நமக்கும் லாபம்தானே என்று மாமா சமாதானம் சொல்வார். ஆயா கேட்க மாட்டாள். "போற வழியில ரெண்டு இங்க போட்டுட்டுப் போனா இன்னா?"

கணக்கே பார்க்காமல் பறவை ஓட்டப் புறப்பட்டவர்கள் கதி வேறு. 1932-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஈமு கோழிகள் கோதுமையை மிதித்து அழிக்கின்றன என்று ராணுவத்தை அனுப்பினார்கள். மேஜர் மெரிடித், இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி, பத்தாயிரம் தோட்டா. ஈமுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து ஓடின. துப்பாக்கியை லாரியில் கட்டித் துரத்திப் பார்த்தார்கள். லாரி குலுங்கியதில் சுடவே முடியவில்லை. கடைசியில் மேஜர் தந்த கணக்குப்படியே ஒரு ஈமுவுக்குப் பத்துத் தோட்டா. ராணுவம் வீட்டுக்குப் போனது. ஈமு வயலுக்குப் போனது.

1958-ல் சீனாவில் மாவோ சிட்டுக்குருவிமேல் போர் தொடுத்தார். ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்து சட்டி, தகரம், தாம்பாளம் தட்ட வேண்டும். குருவி உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து களைத்து விழ வேண்டும். விழுந்தன. என் பத்து வயது வேலையை ஒரு தேசமே செய்தது. குருவி போனதும் அது தின்றுகொண்டிருந்த பூச்சிகள் பெருகின. 1960-ல் குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைப் போட்டார்கள். அதற்குள் பஞ்சம் வந்துவிட்டது. பஞ்சத்துக்குக் காரணம் பல, குருவி அதில் ஒன்று. இதில் சிரிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நம் தேசம் இப்படி அவசரப்படாது, சட்டம் போடும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் பாதுகாக்க வேண்டிய பறவைகளின் நீண்ட பட்டியல் இருந்தது. அதில் புறாக் குடும்பம் முழுவதும் உண்டு, மாடப்புறா நீங்கலாக. பெயர் சொல்லித் தள்ளிவைத்திருந்தார்கள். மயில் முதல் அட்டவணையில் ராஜமரியாதையோடு எங்கள் மல்லாட்டையைப் பிடுங்கித் தின்கிறது. மாடப்புறா பாவம், சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமலே பெருகிவிட்டது.

போன தை மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆயா போய்ப் பல வருஷமாகிறது. மாமா இந்தப் பருவம் புறாவோடு போராட முடியாதென்று பாதியில் கரும்பும் பாதியில் கத்திரியும் போட்டுவிட்டார். பக்கத்துக் கழனிக்காரர் பயறு விதைத்திருந்தார். எங்கள் மோட்டார் கொட்டாயின் ஓட்டுச் சந்தில் புறாக்கள் குடி வந்திருப்பதை நான்தான் பார்த்தேன். பழைய பழக்கத்தில் தகர டப்பாவை எடுத்தேன். மாமா கையைப் பிடித்தார்.

"இர்றா மாப்ள. கீழ பாரு."

கொட்டாய்த் தரையில் ஒரு விரல்கடை உயரத்துக்கு வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்தது. மாமா மண்வெட்டியால் சுரண்டி அள்ளினார். மூன்று கூடை. குப்பையோடு கலந்து ஆறவைத்துக் கத்திரிக்குப் போட்டால் என்ன ஆகும் என்று கண்களாலேயே கணக்குப் போட்டார். மறுநாள் கொட்டாய்க்குள் குறுக்கே நாலு மூங்கில் கட்டியிருந்தார், வசதியாக உட்கார. தண்ணீருக்கு ஒரு மண் சட்டியும் வைத்திருந்தார்.

பத்து நாளில் பக்கத்துக் கழனிக்காரர் வரப்பு தாண்டி வந்தார். கையில் தகரம்.

"அண்ணே, புறா உங்க கொட்டாய்லேர்ந்துதான் வருதாமே?"

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "அதுக்கு நான் இன்னா பட்டாவா போட்டுக் குடுத்துக்கிறேன்? வானத்துப் பட்சிப்பா. சிபிச் சக்கரவர்த்தி தொடையவே அறுத்துக் குடுத்தாரு. நீ ரெண்டு புடி பயறுக்குக் கணக்கு பாக்குற."

அவர் பதில் பேசவில்லை. ஓட்டைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். மூலையில் இருந்த கூடைகளைப் பார்த்தார். தகரத்தைக் கீழே வைத்தார்.

"எத்தினி கூட தேறுச்சி?"

"மூணு."

"அப்ப ஒண்ணர எனுக்கு."

மாமா என்னைப் பார்த்தார். நான் நாலாவது கூடை எடுத்துவர வீட்டுக்கு நடந்தேன், பிரித்துப் போட.